கார் ரேடியோவில் மணி மாறியது யாரால்?

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. மதுரை பழங்காநத்தத்தில் இருக்கும் என் வீட்டுக்கும், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கும் தினமும் காரில் போய் வந்துகொண்டிருந்த காலம். இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. சொல்லிக்கொள்கிற மாதிரி நான் அதில் நடந்துகொள்ளவும் இல்லை.

என்னுடையது பழைய சின்னக் கார். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதில் ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த ஒரு செட் இருந்தது. விற்றவர் டிக்கியில் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கேசட்டுகளையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். யாரோ ஒருவருடைய ரசனையில் பதிவான பாட்டுகளைத்தான் நான் தினமும் கேட்டுக்கொண்டு போவேன். "இன்னுமா கேசட்டு? கழட்டிப் போட்டுட்டு ஒரு டச் ஸ்கிரீன் மாட்டுங்க" என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்வார்கள். நன்றாக ஓடுகிற ஒன்றை எதற்குக் கழற்ற வேண்டும் என்பது என் கட்சி.

சும்மா ஓடவிடவும் மாட்டேன். மாதம் ஒருமுறை காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, கேசட் போகும் வாய் வழியாக உள்ளே விட்டு, நாடா உரசும் ஹெட்டைத் துடைப்பேன். பக்கத்தில் உள்ள ரப்பர் உருளையையும் துடைப்பேன். பஞ்சு பழுப்பாக வெளியே வரும். அடுத்த பாட்டில் குரல் பளிச்சென்று கேட்கும்போது ஒரு பெருமை வரும் பாருங்கள், அதுவே தனி. வெயிலில் நிறுத்தினால் கேசட்டை உள்ளே விட்டு வைக்க மாட்டேன், நாடா தொய்ந்துவிடும். இதையெல்லாம் எதிரே அகப்பட்டவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அந்த வருடம் தை மாதம் எனக்கு இடது முழங்காலில் ஒரு ஆபரேஷன் நடந்தது. ஒரு மாதம் வீட்டில் இருந்தேன். பொழுது போகாமல் ஒரு நாள் காரில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும்போது நாடா உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. வாய் வழியாக எடுக்க முடியவில்லை. செல்போனில் இரண்டு வீடியோ பார்த்தேன். ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். செட்டையே டேஷ்போர்டிலிருந்து வெளியே இழுத்துவிட்டேன். அப்படி இழுத்தபோது பின்னால் ஒரு வயர் பட்டென்று விட்டுப் போனது. சிக்கிய நாடாவை எடுத்து, உள்ளே துடைத்து, அறுந்த வயரைக் கையாலேயே முறுக்கி இணைத்தேன். மேலே சுற்ற இன்சுலேஷன் டேப் இல்லை. கால் கட்டுக்கு வாங்கிய வெள்ளை பிளாஸ்டர் கைவசம் இருந்தது. அதை இரண்டு சுற்றுச் சுற்றி, செட்டை உள்ளே தள்ளி மூடினேன். சாவியைத் திருப்பினால் பாடியது! அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன்.

மாசியில் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. இன்னும் மூன்று மாதத்துக்கு கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் தெருமுனை டீக்கடையில் காலை நேரத்தில் ஆக்டிங் டிரைவர்கள் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். யாருக்கு டிரைவர் வேண்டுமோ அவர்கள் அங்கே வந்து கேட்பார்கள். டீக்கடைக்காரரே ஆள் பார்த்து அனுப்பி வைப்பார். எனக்கு அனுப்பி வைத்த டிரைவருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அழகர்கோவில் சாலையில் ஒரு கிராமம். அதிகம் பேச மாட்டார். காலையில் என்னை அலுவலகத்தில் இறக்கிவிட்டு, வண்டியோடு அங்கேயே காத்திருந்து, சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்பக் கூட்டி வர வேண்டும். இதுதான் வேலை.

முதல் வாரத்திலேயே ஒன்று கண்ணில் பட்டது. சாயங்காலம் வண்டியில் ஏறினால் ரேடியோ உஸ்ஸென்று இரைந்தது. நான் பதிந்து வைத்திருந்த நிலையங்கள் எல்லாம் அழிந்து, ரேடியோ முதல் அலைவரிசை எண்ணில் போய் நின்றிருந்தது. செட்டில் இருக்கும் கடிகாரம் மூன்று இருபது என்று காட்டியது.

"தம்பி, ரேடியோவ நோண்டுனீங்களா?"

"இல்லையேக்கா. நான் அதத் தொடவே இல்ல."

சரி என்று விட்டேன். நிலையங்களைப் பதிந்து, மணியைச் சரி செய்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே கதை. இந்தத் தடவை மூன்று ஐந்து. அந்த வகைச் செட்டில் கரண்ட் போய் வந்தால் கடிகாரம் பன்னிரண்டு மணியிலிருந்து தொடங்கும் என்பது எனக்குத் தெரியும். ஐந்தரைக்கு மூன்று ஐந்து காட்டுகிறது என்றால், சுமார் இரண்டு இருபத்தைந்துக்கு யாரோ கரண்டைத் துண்டித்திருக்கிறார்கள். முந்தைய தடவை இரண்டு பத்து. அந்த நேரத்தில் வண்டியோடு இருப்பவர் ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டி வீட்டில் நின்றது. போய்க் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். மணி சரியாக ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் இல்லாத நாளில் மாறுவதில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

என் பக்கத்து நாற்காலியில் வேலை பார்க்கும் தோழியிடம் சொன்னேன். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அடி போடி. மத்தியானம் உன் வண்டிய வாடகைக்கு ஓட்டுறான். கிலோமீட்டர் ஏறக் கூடாதுன்னு மீட்டருக்குப் போற வயரக் கழட்டி விட்டுருவானுக. அதோட சேந்து உன் ரேடியோவும் செத்துப் பொழைக்குது."

"மீட்டர்ல நான் பாத்தேனே, கூட ஓடல."

"அதான் சொல்றேன். ஓடிருந்தா நீ கண்டுபிடிச்சிருவேல்ல?"

கிலோமீட்டர் கூடவில்லை என்பது அவர் பக்கம் பேச வேண்டிய சாட்சி. அதையே அவருக்கு எதிரான சாட்சியாக மாற்றிக்கொண்டேன். மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் எல்லாம் அந்தப் பக்கமாகவே உருளும் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. காலையில் இறங்கும்போது செய்தி பார்ப்பது போலப் பாவனை செய்து, மீட்டரையும் ரேடியோ மணியையும் போனில் படம் எடுப்பேன். சாயங்காலம் ஏறியதும் இன்னொரு படம். பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் மாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். வண்டி நிற்கும். அவர் டிரைவர் சீட்டிலோ மரத்தடியிலோ இருப்பார். வண்டி நிற்கிறதே என்று நிம்மதி வரவில்லை. நான் பார்க்கும் நேரம் அவருக்குத் தெரிந்துவிட்டது போல என்றுதான் தோன்றியது.

ஒரு நாள் இரண்டரைக்கு எட்டிப் பார்த்தால் வண்டி வழக்கமான இடத்தில் இல்லை. வலிக்கிற முழங்காலோடு படியில் இறங்கி ஓடினேன். கட்டடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பின்சீட்டில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"முன்னாடி வெயிலு கொளுத்துதுக்கா. சீட்டு சுட்டுச்சுன்னா உங்களுக்கு ஒக்கார முடியாது, அதான் இங்கிட்டு மாத்துனேன்."

தலையாட்டிவிட்டு, பானட்டைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. சித்திரை வெயிலில் மதுரையில் எந்த வண்டியின் பானட்தான் சூடாக இருக்காது? அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த நாள் ஒரு காரியம் செய்தேன். காலையில் வண்டியிலிருந்து இறங்கியபின், அவர் முகம் கழுவப் போன நேரத்தில், பானட் மூடும் இடுக்கில் ஒரு தீக்குச்சியை வைத்தேன். மருந்துத் தலை இடது பக்கம் இருக்கும்படி. பானட்டைத் திறந்தால் குச்சி விழுந்துவிடும். சாயங்காலம் வந்து பார்த்தேன். குச்சி அங்கேயே இருந்தது. ஆனால் மருந்துத் தலை வலது பக்கம் இருந்தது!

அன்று வீடு வரும்வரை அவர் பின்தலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். ரேடியோ போடவில்லை. காளவாசல் சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியில் அவர் என்னைப் பார்த்தார். நான் பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டார். குற்றம் செய்தவன் முகம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

சித்திரைத் திருவிழாக் கூட்டம் ஓய்ந்த வாரம் அது. ஒரு மத்தியானம் முன்னறிவிப்பு இல்லாமல் கீழே இறங்கிப் போனேன். பானட் திறந்திருந்தது. அவர் குனிந்து பேட்டரியில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

திடுக்கிட்டு நிமிர்ந்தார். "பேட்டரி டெர்மினலு லூசா இருக்கான்னு பாத்தேன்க்கா. ரேடியோல மணி அடிக்கடி போயிருதுல்ல, எங்கயோ வயரு விட்டு விட்டுத் தொடுது. இது டைட்டாத்தான் இருக்கு. செட்டுக்குப் பின்னாடிதான் பாக்கணும்."

எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறார் பாருங்கள். இன்றைக்கு நினைத்தாலும் அந்த வார்த்தைகள் ஒன்றுவிடாமல் ஞாபகம் வருகின்றன. அன்று என் காதில் விழுந்தது வேறு. கையும் களவுமாக மாட்டிக்கொண்டவன் சட்டென்று ஒரு கதை கட்டுகிறான், அதுவும் நான் என் கையால் சரி செய்த செட்டின் மேலேயே பழியைப் போடுகிறான் என்றுதான் கேட்டது.

மறுநாள் காலை அவர் வீட்டுக்கு வருவதற்கு முன்பே நான் டீக்கடைக்குப் போனேன். அவர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். கூட ஏழெட்டு டிரைவர்கள். டீக்கடைக்காரர் பாய்லர் பக்கம் நின்றார். தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். இனி வர வேண்டாம் என்று ஒரு போனில் முடித்திருக்கலாம். எனக்கு அது போதவில்லை.

"அண்ணே, நல்ல ஆளா அனுப்புங்கன்னுதான கேட்டேன்? இவரு நான் ஆபீஸ்ல இருக்குற நேரம் என் வண்டிய வெளிய ஓட்டிச் சம்பாதிக்கிறாரு. மீட்டர் வயரக் கழட்டி விட்டுட்டு ஓட்டுறாரு. நேத்துக் கண்ணால பாத்தேன். இவர இனிமே யார் வீட்டுக்கும் அனுப்பாதீங்க."

ஒருவர் தம்ளரை வாய்வரை கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தார். என் டிரைவர் மறுத்துச் சத்தம் போடுவார், சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். பதில் சொல்லத் தயாராகப் போன் படங்களைக்கூடத் திறந்து வைத்திருந்தேன். அவர் டீத்தம்ளரைக் கீழே வைத்தார்.

"என்னைய விடுங்கக்கா. வண்டிய ஒருக்கா நல்ல ஆளுகிட்டக் காட்டிருங்க. எங்கயோ லூசா இருக்கு."

அவ்வளவுதான். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு மிதித்துப் போய்விட்டார். என்ன திமிர் என்று நினைத்தேன். ஒரு மறுப்புக்கூடச் சொல்லவில்லையே, அப்படியென்றால் உண்மைதானே என்று டீக்கடைக்காரரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் ஆட்டோவில் போய் வந்தேன். பிறகு டாக்டர் வண்டி ஓட்ட அனுமதி கொடுத்தார். முதல் நாள் நானே ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். நிலையங்களைப் புதிதாகப் பதிந்து, மணியைச் சரியாக வைத்து, பாட்டுக் கேட்டுக்கொண்டே போனேன். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. மாலை திரும்பும்போது வண்டிக்குள் அடுப்பு மாதிரி இருந்தது. தேனி ரோட்டில் ஒரு வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. பாட்டு நின்றது. உஸ்ஸென்று இரைச்சல். கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு.

வண்டியில் என்னைத் தவிர யாரும் இல்லை.

ஓரமாக நிறுத்தினேன். அந்த நேரத்தில்கூட எனக்குப் புத்தி வரவில்லை. "பாவி, எதையோ கழட்டிக் கழட்டிக் கெடுத்து வச்சிட்டுப் போயிருக்கான்" என்றுதான் வாய்விட்டுச் சொன்னேன். நேராகக் கார் ஆடியோ வேலை செய்யும் ஒரு கடைக்கு வண்டியை விட்டேன். டிரைவர் செய்ததற்கு ஒரு அத்தாட்சி கிடைக்கும், அதையும் டீக்கடையில் காட்டலாம் என்ற எண்ணம்.

கடைக்காரர் என்னைவிட இளையவர். அங்கே வேலை பார்ப்பதும் அவர் ஒருவர்தான். நடந்ததைச் சொன்னேன். "ஒரு டிரைவரு ஏதோ பண்ணிட்டாரு, பின்னாடி என்னன்னு பாருங்க." அவர் இரண்டே நிமிடத்தில் செட்டை வெளியே இழுத்தார். வயர்களை விரலால் ஒவ்வொன்றாகத் தடவியவர் ஒரு இடத்தில் நிறுத்திச் சிரித்தார்.

"ஏன்க்கா, உங்க டிரைவரு முன்னாடி ஆஸ்பத்திரியிலயா வேலை பாத்தாரு? வயருக்குக் கட்டுப் போட்டு வச்சிருக்காரு!"

அவர் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது என் பிளாஸ்டர். வெயிலில் பசை உருகி, பழுப்பேறி, வழுக்கிக்கொண்டு நின்றது. உள்ளே நான் முறுக்கிய வயர் பிரிந்து, ஒரே ஒரு இழை மட்டும் பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டிருந்தது.

"இது மஞ்ச வயருக்கா. சாவிய எடுத்தாலும் இதுல எந்நேரமும் பேட்டரி கரண்டு வந்துக்கிட்டே இருக்கும். மணி, ஸ்டேஷன் எல்லாத்தையும் செட்டு நெனப்புல வச்சிருக்கிறது இதாலதான். ஒரு நொடி விட்டாலும் அம்புட்டும் மறந்துரும். காலையில குளிர்ச்சியில பசை பிடிச்சுக்கிடும். உச்சி வெயில்ல இளகிரும். அப்பப் போயி யாராச்சும் கதவ அடிச்சுச் சாத்துனாப் போதும், விட்டுரும்."

கதவைச் சாத்தினால் போதும். டிரைவர் இரண்டு மணிக்கு மேல் சாப்பிட்டுவிட்டு வந்து கதவைத் திறந்து மூடுவார். ஞாயிற்றுக்கிழமை யாரும் வண்டியைத் தொட மாட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். நான் சேர்த்து வைத்த அத்தனை சாட்சியும் அந்த ஒரு முழ வயரில் அடங்கிவிட்டது.

"யாரு அந்த டிரைவரு?" என்று கடைக்காரர் கேட்டார். நான்தான் சுற்றினேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வயரை வெட்டி ஈயம் வைத்துப் பற்றவைத்து, கருப்பு டேப் சுற்றிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை டீக்கடைக்காரரிடம் ஊரைக் கேட்டுக்கொண்டு அழகர்கோவில் சாலையில் கிளம்பினேன். எதற்கு என்று அவர் கேட்டதற்கு, பேச வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஊருக்குள் நுழைந்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். வாசலில் ஒரு பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். டிரைவருடைய மனைவி. நான் யாரென்று சொன்னதும் கை நின்றது. எழுந்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வாசற்படியை மறித்தாற்போல நின்றார்.

"இப்ப என்னத்தக் காணோம்னு வந்துருக்கீக?"

ஒன்றும் காணாமல் போகவில்லை, மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. என் கைப்பையைப் பார்த்தார், தெருவில் நின்ற காரைப் பார்த்தார், அதில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று பார்த்தார். இரண்டு மாதமாக நான் அவர் கணவரைப் பார்த்த அதே பார்வை.

"ஒரு ஸ்கூல்ல வேன் ஓட்டக் கூப்புட்டுருந்தாக. ஜூன் மாசத்துல இருந்து வேலை, நெரந்தர வேலை. பிள்ளைகள ஏத்திட்டுப் போற வண்டின்னு டீக்கடையில வந்து விசாரிச்சாக. அங்கன நின்னவுக நீங்க சொன்னதச் சொல்லிருக்காக. அம்புட்டுத்தேன், போன் வரல. இப்ப மாந்தோப்புல பெட்டி தூக்குறாரு எங்க வீட்டுக்காரரு."

இதை அவர் அழாமல், சத்தம் போடாமல் சொன்னார். அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

தோப்பு பக்கத்திலேயே இருந்தது. அவர் மாம்பழப் பெட்டிகளை ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தார். "கால் எப்புடிக்கா இருக்கு? நீங்களே ஓட்டிட்டு வந்தீகளா?" என்றுதான் முதலில் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அறுந்த வயர், பிளாஸ்டர், கடைக்காரர் சொன்னது, ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"செட்டுக்குப் பின்னாடியா இருக்கும்னு எனக்கு மொத வாரமே ஒரு எண்ணம்க்கா. இழுத்துப் பாத்தா அஞ்சு நிமிஷ வேலை. ஆனா நீங்க போட்டோ எடுக்குறதப் பாத்துட்டேன். உங்க சாமான் மேல கை வச்சா அதுவும் வேற மாதிரி ஆயிரும்னு விட்டுட்டேன்."

நான் தலை குனிந்தேன். போட்டோ எடுத்ததை அவர் கவனித்திருப்பார் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"தீக்குச்சிகூட…" என்று இழுத்தேன்.

"அதுவா? அன்னைக்குக் காத்துக்குக் கீழ விழுந்து கெடந்துச்சு. நீங்க வச்சத முகம் கழுவுற எடத்துல இருந்து பாத்தேன். விழுந்து கெடந்தா என்னையத்தான நெனப்பீகன்னு நானே எடுத்து வச்சேன். எந்தப் பக்கம் தலை இருந்துச்சுன்னு தெரியாமப் போச்சு."

அதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தார். எனக்கு அந்த இடத்தில்தான் கண் நிறைந்தது. ஒரு தப்பும் செய்யாத மனிதர், என் சந்தேகத்துக்குப் பயந்து, தப்புச் செய்தவர் மாதிரி ஒளித்து மறைத்து நடந்திருக்கிறார். அதைப் பார்த்து என் சந்தேகம் இன்னும் வளர்ந்திருக்கிறது.

திரும்ப வேலைக்கு வரச் சொன்னேன். முடியாது என்றார். கோபத்தில் சொல்லவில்லை. "இனிமே ஒங்க வண்டியில ஒக்காந்தா என் கண்ணு ரோட்டுல இருக்காதுக்கா, கண்ணாடியிலதான் இருக்கும்" என்றார். அப்படியென்றால் நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"இங்க வந்து எங்கிட்டச் சொன்னது சரி. எங்க வச்சு அதச் சொன்னீகளோ, அங்க வச்சு இதயும் சொல்லிருங்க. நான் வரல. நான் கூட நின்னா, நான் சொல்லச் சொல்லித்தான் சொல்றீகன்னு நெனப்பாக."

திங்கட்கிழமை காலை டீக்கடைக்குப் போனேன். அதே நேரம், ஏறக்குறைய அதே ஆட்கள். "ஒரு நிமிஷம் எல்லாரும் கேளுங்க" என்று ஆரம்பித்தேன். அவர் என் வண்டியை ஒரு அடி தூரம்கூட வெளியே ஓட்டவில்லை, நான்தான் வயரைத் தப்பாகச் சுற்றினேன், நான்தான் அவர்மேல் பழி போட்டேன் என்று சொன்னேன். முழுசாகச் சொல்லி முடித்தேன்.

ஒருவர் தலையாட்டினார். இன்னொருவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆள் ஒருவர், வயதில் மூத்தவர், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னம்மா, அந்தப் பய வந்து மெரட்டுனானா?"

இல்லை, இல்லை என்று பதறினேன். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. முதல் தடவை நான் பேசியபோது யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அன்று மட்டும் ஆளாளுக்குக் கேட்டார்கள். டீக்கடைக்காரர் ஒருவர்தான் பாய்லரை விட்டு வெளியே வந்து, "இனி டிரைவர் கேட்டு வர்றவுகளுக்கு அவனையும் அனுப்புறேன். நீங்க சொன்னத நானும் சொல்றேன்" என்றார். அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் நானே போனேன். அங்கே அலுவலகத்தில் இருந்த பெண்மணி கேட்டுக்கொண்டார், ஆனால் வேறு ஆளை எடுத்தாகிவிட்டது என்றார்.

மறு வருடம் ஒரு நாள் காலை, காளவாசல் சிக்னலில் என் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி வேன் வந்து நின்றது. அது வேறு பள்ளியின் வேன். ஓட்டுநர் இருக்கையில் அவர். பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் கையைத் தூக்கினேன். அவர் தலையை லேசாக அசைத்தார். பச்சை விழுந்ததும் முன்னால் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

வீட்டு வேலைக்கு வருகிறவர், பொருள் கொண்டு வருகிறவர், பக்கத்து இருக்கைக்காரர் என்று யாரைப் பற்றியாவது ஒரு சின்னச் சந்தேகம் எழும்போதெல்லாம் இப்போது முதலில் என் பக்கத்தில் என்ன தவறு இருக்கிறது என்று தேடிப் பார்க்கிறேன்; ஒருவர்மேல் பழியைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்தான் ஆனது, அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வேலை அந்த டீக்கடையில் இன்றைக்கும் முழுதாக முடிந்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை.